ஓட்டுப் போட்டாகிவிட்டது, இனி வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

வைகைக்கரை எழுதியது:

"மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், உனக்கு என்ன வலி?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யார் ஆள்கிறார்கள் என்பதில் எனக்கு வலி இல்லை. எனக்குப் பிடிக்காத கட்சி டெல்லியில் ஆள்வது புதிதா என்ன? ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து பாதிக் காலம் அப்படித்தான் போயிற்று. ஆள்பவரை நிறுத்திக் கேள்வி கேட்பதற்கென்று அரசியலமைப்பு வைத்திருக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. அதுதான் என் ஆத்திரம்.

நாடாளுமன்றத்தைப் பாருங்கள். 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவை கூடியது 274 நாட்கள். ஐந்தாண்டு முழுதாக நடந்த மக்களவைகளில் இதைவிடக் குறைவாகக் கூடியது எதுவும் இல்லை. முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது. மன்மோகன் சிங்கின் இரண்டாவது ஆட்சியில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன; 17ஆவது மக்களவையில் 16. துணை சபாநாயகரை "கூடிய விரைவில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93ஆவது பிரிவு. அந்த ஐந்தாண்டும் நாற்காலி காலியாகவே கிடந்தது. அதற்கு முந்தைய அவையில் நம் தம்பிதுரை அமர்ந்திருந்த நாற்காலிதான்.

2023 டிசம்பர் 13 அன்று இரண்டு பேர் பார்வையாளர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்து வண்ணப் புகையைக் கிளப்பினார்கள். இது எப்படி நடந்தது என்று உள்துறை அமைச்சர் அவைக்கு வந்து சொல்லட்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. பதில் வரவில்லை, இடைநீக்கம் வந்தது. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர். சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபன் அன்று அவையிலேயே இல்லை. அவர் பெயரும் பட்டியலில் இருந்தது, பிறகு நீக்கினார்கள். இல்லாத ஆளையே வெளியேற்றும் அளவுக்கு அவசரம். எதிர் வரிசைகள் இப்படிக் காலியாக இருந்த அந்த வாரத்தில்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலான சட்டம் உட்பட மூன்று குற்றவியல் சட்டங்களும் நிறைவேறின. தேர்தல் ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து தலைமை நீதிபதியை எடுத்துவிட்டு, பிரதமர் சொல்லும் அமைச்சர் ஒருவரை அமர்த்தும் சட்டமும் அதே வாரம் மக்களவையைத் தாண்டியது.

ஓட்டுப் போட்டாகிவிட்டது. சரி. ஓட்டு வாங்கியவரைக் கேள்வி கேட்பவர் எங்கே உட்காருவார்?

கொங்குத்தறி எழுதியது:

வைகைக்கரை ஐயா, உங்கள் கணக்கு எல்லாம் சரிதான். ஆனால் கணக்கை 2014இலிருந்து மட்டும் எழுதுகிறீர்களே, அதுதான் வேடிக்கை.

1989 மார்ச்சில் ராஜீவ் காந்தி ஆட்சியில் ஒரே நாளில் 63 மக்களவை உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தார்கள். இந்திரா காந்தி கொலையை விசாரித்த தக்கர் ஆணையத்தின் அறிக்கையைக் கேட்டதுதான் குற்றம். 2014 பிப்ரவரியில் தெலங்கானா மசோதா நிறைவேறியபோது மக்களவைத் தொலைக்காட்சியின் நேரலையே நின்றுபோனது. ஒரு மாநிலத்தை இரண்டாக வெட்டுவதை அந்த மாநில மக்கள் பார்க்க முடியவில்லை. 2008இல் மும்பைத் தாக்குதல் முடிந்த சில வாரங்களில் தேசியப் புலனாய்வு முகமைக்கான என்.ஐ.ஏ. சட்டமும், உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் திருத்தமும் கொண்டுவந்தார்கள். அறிமுகம், விவாதம், இரு அவைகளின் ஒப்புதல் எல்லாம் மூன்று நாளில். எந்தக் குழுவுக்கு அனுப்பினார்கள்?

இன்னொன்று. நீங்கள் குறிப்பிட்ட மூன்று குற்றவியல் சட்டங்களும் உள்துறைக்கான நிலைக்குழுவுக்குச் சென்று வந்தவை. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

அவையில் கூச்சல் போட்டுப் பதாகை காட்டுவதுதான் கேள்வி கேட்பது என்றால், மன்னிக்கவும், எனக்கு அந்தக் கேள்வி வேண்டாம். நான் சிறிய பின்னலாடைத் தொழில் நடத்துகிறவன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரே ஆடிப்போனது. யார் வந்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். துணை சபாநாயகர் நாற்காலியில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்க மாட்டோம். மானியப் பணம் இடைத்தரகர் கை படாமல் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பெட்டிக்கடையில்கூட கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறார்கள். இதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்களை அறியாமையில் கிடப்பவர்கள் என்று நினைப்பதுதான் உங்களைப் போன்ற தாராளவாதிகளின் பழைய நோய்.

மக்கள் கேள்வி கேட்கவில்லை என்று யார் சொன்னது? பாஜகவுக்கு 2019இல் 303 இடம் கொடுத்தார்கள், 2024இல் 240 கொடுத்தார்கள். கேள்வி கேட்கும் வழி அடைபட்டிருந்தால் இந்த 63 இடங்கள் எப்படிக் குறைந்தன?

வைகைக்கரை எழுதியது:

வாக்காளரை அறியாதவர் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. என் வாயில் சொல்லைத் திணிக்க வேண்டாம்.

மூன்று சட்டங்களும் குழுவுக்குப் போனது உண்மை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்ததும் உண்மை. அந்தக் கருத்தை அவையில் எழுந்து சொல்ல வேண்டிய நாளில் அவர்களில் பெரும்பாலோர் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பதும் உண்மைதானே?

ஐந்தாண்டுக்கு ஒருமுறை இடங்கள் குறைவது ஒரு பதில். நடுவில் இருக்கும் 1,800 சொச்சம் நாட்களுக்கு என்ன பதில்? மூன்று வேளாண் சட்டங்களை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் அவசரச் சட்டம். செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் உறுப்பினர்கள் வாக்கெடுப்புக் கேட்டும் குரல் வாக்கிலேயே நிறைவேற்றினார்கள். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. மறுநாள் எட்டுப் பேர் இடைநீக்கம். பிறகு விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் கிடந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றபோதும் விவாதம் இல்லை. கொண்டுவந்தது ஏன் என்றும் தெரியாது, எடுத்துக்கொண்டது ஏன் என்றும் தெரியாது. அந்தச் சட்டங்கள் நல்லவை என்று நம்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த அவமானம். ஒரு நல்ல சட்டம் என்றால் அதை அவையில் நின்று காப்பாற்ற என்ன தயக்கம்?

கூச்சலைப் பற்றிச் சொன்னீர்கள். 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் முழுவதும் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தில் கூச்சலிலேயே போயிற்று. போட்டது இன்றைய ஆளுங்கட்சி. அன்றைய அரசு அவர்களைக் கூண்டோடு வெளியேற்றவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கச் சம்மதித்தது.

சிவப்புத்துண்டு எழுதியது:

இரண்டு பேரும் நன்றாகத்தான் சண்டை போடுகிறீர்கள். வைகைக்கரை தோழருக்கு ஒரு கேள்வி. வேளாண் சட்டத்துக்கு ஒரு முழுப் பத்தி எழுதினீர்கள். அதே வாரம், எட்டுப் பேர் இடைநீக்கத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தபோது, மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் செப்டம்பர் 22இலும் 23இலும் நிறைவேறின. அதற்கு ஒரு வரி உண்டா? 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புச் செய்ய இனி அரசின் அனுமதி வேண்டாம். முன்பு அந்த எல்லை 100. எந்தத் தொழிலானாலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நாளிதழ்களின் தலையங்கப் பக்கத்தில் ஜனநாயகத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இதைச் "சீர்திருத்தம்" என்று வரவேற்றார்கள். பேச்சுரிமை போனால் உங்களுக்கு வலிக்கிறது. வேலை போனால் வலிப்பதில்லை. இதனால்தான் கொங்குத்தறி போன்றவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கொங்குத்தறி எழுதியது:

என் யூனிட்டில் 40 பேர். எனக்கு 100உம் ஒன்று, 300உம் ஒன்று. அந்தத் தொகுப்புகளையும் தொழிலாளர் நிலைக்குழு பார்த்தது, தோழர். 300 என்ற எல்லையைச் சட்டத்திலேயே எழுதுங்கள் என்று பரிந்துரைத்ததே அந்தக் குழுதான்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வைத்திருந்த தேர்தல் பத்திரத்தை வாங்காத கட்சி என்று உங்கள் கட்சி மார்தட்டிக்கொள்கிறது. 2019 தேர்தலுக்கு திமுக இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்துக் கொடுத்த 25 கோடி ரூபாய் எந்தப் பத்திரத்தில் சேரும்?

சிவப்புத்துண்டு எழுதியது:

வங்கி வழியே வந்தது, தேர்தல் ஆணையத்திடம் காட்டிய கணக்கில் இருப்பது. அதனால்தான் உங்களால் இன்று அதைக் கேட்க முடிகிறது. தேர்தல் பத்திரத்தில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்க முடியுமா? அதைக் கேட்பதற்கு மார்க்சிஸ்ட் கட்சி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

மட்டுறுத்துநர் எழுதியது:

கட்சிகளின் ஒழுக்கச் சான்றிதழ் ஆய்வு வேறு இழையில் நடக்கட்டும். தலைப்பில் பேசுங்கள். ஒருவரையொருவர் "அடிமை", "தேசவிரோதி" என்று அழைத்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

நெய்தல் எழுதியது:

தேர்தல் பத்திரம் தலைப்புக்கு வெளியே இல்லை, மட்டுறுத்துநர் அவர்களே. அதுவும் கேள்வி கேட்கும் வழியை அடைத்த கதைதான். 2017இல் அதற்கான திருத்தங்களை நிதி மசோதாவுக்குள் வைத்து நிறைவேற்றினார்கள். பண மசோதா என்றால் மாநிலங்களவையால் தடுக்க முடியாது அல்லவா! நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பும் அப்போதுதான் போயிற்று. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதைச் செல்லாது என்று சொல்லும்வரை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் கைமாறிவிட்டது. வாக்காளர் அறியும் உரிமை பறிபோகிறது என்ற ஒரு காரணத்தைச் சொல்ல ஏழு ஆண்டு. பெரும்பங்கு வாங்கியது பாஜக என்பது எல்லோருக்கும் தெரியும். லாட்டரியை 2003இலிருந்தே தடை செய்திருக்கும் மாநிலத்தில், ஒரு லாட்டரி நிறுவனத்திடமிருந்து 509 கோடி ரூபாய் பெற்றது திமுக. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நான் வழக்கறிஞர். வைகைக்கரை சாரின் கோபத்தில் எனக்குப் பங்கு உண்டு, ஆனால் அது டெல்லிக்கு மட்டும் டிக்கெட் எடுக்கிற கோபமாக இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நம் சட்டமன்றத்திலிருந்து திமுக உறுப்பினர்களைக் கூண்டோடு ஒரு வாரம் வெளியே வைத்தார் அன்றைய பேரவைத் தலைவர். தடுப்புக் காவல் சட்டத்தை அதிகம் பயன்படுத்தும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த இடம் மாறுவதில்லை. 2023 நவம்பரில் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஒருவரைத் தவிர மற்றவர்கள் மீதானதை விலக்கிக்கொண்டார்கள். அப்போது இந்த மன்றத்தில் எத்தனை இழைகள் ஓடின? தேடிப் பாருங்கள்.

கொங்குத்தறி அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2008இல் மூன்று நாளில் நிறைவேற்றினார்கள் என்றீர்களே, அந்தத் திருத்தத்தில்தான் 43டி(5) வந்தது. குற்றப்பத்திரிகையைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினாலே பிணை கிடையாது என்கிற பிரிவு. 2020 அக்டோபரில் ஸ்டான் சுவாமியைக் கைது செய்தார்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்தவர், வயது 83, பார்கின்சன் நோய். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். சட்டத்தை எழுதியது ஓர் அரசு, பயன்படுத்தியது இன்னோர் அரசு. "அவர்களும் செய்தார்கள்" என்பது பதில் ஆகாது, அண்ணா. அவர்கள் செய்து வைத்ததால்தான் இவர்களால் முடிந்தது. இவர்கள் செய்து வைப்பதை நாளை வருகிறவர் எடுத்துக்கொள்வார். அன்றைக்கு உள்ளே போகிறவர் உங்கள் கட்சிக்காரராகவும் இருக்கலாம்.

கொங்குத்தறி எழுதியது:

சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. குறைந்தபட்சம் இரண்டு பக்கமும் அடிக்கிறார். ஆனால் ஸ்டான் சுவாமி விஷயத்தில் பிணையை மறுத்தது நீதிமன்றம். அரசைக் கேட்பதற்கு முன் அதையும் கேளுங்கள்.

நெய்தல் எழுதியது:

நீதிமன்றத்தின் கையைக் கட்டுவதற்கென்றே எழுதிய பிரிவு அது. கட்டியவரை விட்டுவிட்டுக் கையைக் கேட்கச் சொல்கிறீர்கள்.

பழைய பதிவாளர் எழுதியது:

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நாடாளுமன்றம், உபா எல்லாம் பெரிய இடத்து விஷயம். என்னைப் போன்றவனுக்குக் கேள்வி கேட்கும் வழி என்றால் பத்து ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுதான். 2005இல் அந்தச் சட்டம் வந்தபோது அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். எவ்வளவு பயந்தோம் என்று எனக்குத்தான் தெரியும். பட்டாக் கோப்பு ஏன் ஆறு மாதமாகத் தூங்குகிறது என்று முப்பது நாளில் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றால் சும்மாவா?

அதன் பல்லை இரண்டு தவணையாகப் பிடுங்கினார்கள். 2019 திருத்தத்தில் தகவல் ஆணையரின் பதவிக்காலமும் சம்பளமும் மத்திய அரசு நிர்ணயிப்பது என்று ஆனது. தேர்தல் ஆணையருக்குச் சமமான சம்பளத்தில் ஐந்தாண்டு இருந்தவர் மூன்றாண்டுக்கு இறங்கினார். அடுத்தது 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3). ஊருக்கெல்லாம் தனியுரிமை தருகிறோம் என்று கொண்டுவந்த சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இதைச் செருகினார்கள். முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம். இப்போது "தனிப்பட்ட தகவல்" என்ற இரண்டு சொல் போதும். சாலை போட்ட ஒப்பந்ததாரர் பெயரா? தனிப்பட்ட தகவல். போலிச் சான்றிதழில் வேலைக்குச் சேர்ந்தவரின் கல்வித் தகுதியா? தனிப்பட்ட தகவல்.

கொங்குத்தறி எழுதியது:

ஐயா, வயதில் மூத்தவர், மதித்தே கேட்கிறேன். 2017இல் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னபோது இதே தாராளவாதிகள் கொண்டாடினார்கள். இப்போது ஓர் அரசு ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு என்றால் கசக்கிறதா? பொதுநலன் பெரிது என்றால் தகவலைக் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு அப்படியேதானே இருக்கிறது?

பழைய பதிவாளர் எழுதியது:

இருக்கிறது தம்பி. "கொடுக்கலாம்" என்று இருக்கிறது. "கொடுக்கலாம்" என்று எழுதியிருந்தால் அலுவலகத்தில் யாரும் கொடுக்க மாட்டார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், சத்தியம் செய்து சொல்வேன். தாலுகா அளவில் இருக்கும் பொதுத் தகவல் அலுவலர் பொதுநலனைத் தராசில் போட்டு நிறுத்து, மேலதிகாரியின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, உங்களுக்குத் தகவல் கொடுப்பார் என்று நினைக்கிறீர்களா? மறுத்துவிட்டு மேல்முறையீட்டுக்குப் போ என்பார். பழைய பிரிவின் கீழே ஒரு வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. அதையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். குடிமகன் உறுப்பினருக்குச் சமம் என்று சட்டம் சொன்ன இடம் அது ஒன்றுதான்.

வைகைக்கரை எழுதியது:

பதிவாளர் ஐயா சொன்ன அந்தக் கடைசி வரிக்காகவே இந்த இழை தொடங்கியது வீண் போகவில்லை. நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினர் கேட்க முடியவில்லை, வெளியே நான் கேட்க முடியவில்லை. இரண்டும் ஒரே கையெழுத்து.

நெய்தல் அவர்களுக்கு: செய்யாறு பற்றி எழுதாதவர்களில் நானும் சேர்த்தி என்று தேடிப் பார்க்காமலே நீங்கள் சொல்லிவிடலாம். ஆனால் தேடுங்கள், அந்த வாரமே என் பதிவு இருக்கிறது. அதற்கு நான்கு பதில்தான் வந்தது, அதில் இரண்டு "நீ பாஜகவா?" என்று. மாநில அரசைக் கேட்டால் அந்தப் பட்டம், மத்திய அரசைக் கேட்டால் இந்தப் பட்டம். தோழர் சிவப்புத்துண்டுக்கு: தொழிலாளர் தொகுப்புகளை நான் வரவேற்றதில்லை, யாரோ தலையங்கம் எழுதியதற்கு என்னைக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

கொங்குத்தறி எழுதியது:

சரி, புலம்பல் போதும். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் அல்ல, ஒன்றைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

கொறடாவின் கயிற்றைத் தளர்த்துங்கள். 1985இல் ராஜீவ் காந்தி கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால், தலைமை சொன்னபடி கை தூக்காத உறுப்பினர் பதவியை இழப்பார். நீங்கள் தேர்ந்தெடுத்தவர் உங்கள் தொகுதிக்காகத் தன் கட்சியின் மசோதாவை எதிர்க்க முடியாது. வேளாண் சட்டத்தில் பஞ்சாப், ஹரியானா ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போட நினைத்திருந்தாலும் போட்டிருக்க முடியாது. ஆட்சியின் உயிர் தொங்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் கொறடா போதும் என்ற வகையில் தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே பரிந்துரைத்தது. காங்கிரஸும் தொடவில்லை, பாஜகவும் தொடவில்லை. இருவருக்கும் பிடித்த சட்டம் என்றால் அது யாருக்கு எதிரானது என்று யோசியுங்கள்.

கொங்குத்தறி எழுதியது:

கூவத்தூரை மறந்துவிட்டீர்களா? 2017 பிப்ரவரியில் அதிமுக சட்டமன்ற உறுப்பினர்களை அங்கே விடுதியில் அடைத்து வைத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கொறடா இருக்கும்போதே அப்படி. கயிற்றைத் தளர்த்தினால் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு கூவத்தூர் நடக்கும், ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு விலை வரும். மனசாட்சி ஓட்டு என்பதெல்லாம் ஏட்டில் அழகு.

வைகைக்கரை எழுதியது:

கூவத்தூர் என் பக்கத்துச் சாட்சி. அதையடுத்து எடப்பாடி பழனிசாமி அரசு கேட்ட நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உட்பட 11 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். நேரடியாகச் சட்டத்தில் மாட்ட வேண்டியவர்கள். பேரவைத் தலைவர் ஒன்றும் செய்யவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநருக்குக் கடிதம் கொடுத்த 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டவன் தப்பினான், கடிதம் எழுதியவன் பதவியை இழந்தான். இந்தச் சட்டம் தாவலைத் தடுத்ததா, தலைமைக்குப் பிடிக்காதவர்களை மட்டும் பிடித்ததா?

கொங்குத்தறி எழுதியது:

அது பேரவைத் தலைவரின் கோளாறு. தகுதி நீக்க அதிகாரத்தை அந்த நாற்காலியிலிருந்து எடுத்து, ஒரு தீர்ப்பாயத்திடமோ தேர்தல் ஆணையத்திடமோ கொடுங்கள் என்றால் நான் இன்றே கையெழுத்துப் போடுகிறேன். கொறடாவை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

நெய்தல் எழுதியது:

தேர்தல் ஆணையத்திடமா? ஆணையரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இந்த இழையின் முதல் பதிவில் இருக்கிறது, அண்ணா.

கொங்குத்தறி எழுதியது:

அப்படியானால் தீர்ப்பாயம்.